தழும்பும் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

2004ஆம் ஆண்டு ஜனவரி 23, வெள்ளிக்கிழமை. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவாகிய திருவரங்கத்தில், ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போடப்பட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பற்றி எரிந்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றின் கூரை எரிந்து 94 குழந்தைகள் உயிரிழந்தனர். ஆறு மாத இடைவெளியில் காவிரிக் கரையில் நேர்ந்த இவ்விரு துயரங்களையும் தமிழகம் இன்னும் மறக்கவில்லை. மாண்டோரின் எண்ணிக்கையை ஏடுகள் ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றன. ஆனால் தீயினின்று மீண்டு, முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் தழும்புகளைச் சுமந்து வாழ்வோரைப் பற்றி எவரும் அதிகம் எழுதுவதில்லை.

இப்பொருள் குறித்து நாம் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எம்மிடம் அரபு இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தம் தங்கையின் நிலையைச் சொல்லி ஒரு விளக்கம் கேட்டார். அடுப்படியில் உடை தீப்பற்றியதால் அப்பெண்ணின் கழுத்தும் முகவாயும் வெந்து, புண் ஆறியபின் தோல் சுருங்கி, தலையை நிமிர்த்த இயலாதவாறு முகவாய் மார்பை நோக்கி இழுக்கப்பட்டிருந்தது. அறுவை செய்து சீராக்கலாம் என்று மருத்துவர் கூறியிருந்தார். ஆனால் உறவினர் ஒருவர், அது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகும் என்று தடுத்துவிட்டார். "ஹஜ்ரத், இது ஹலாலா ஹராமா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார் மாணவர். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, அதனுள் மருத்துவ வரலாறும், நம் நாட்டுப் போர்களின் வரலாறும், மார்க்கச் சட்டத்தின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் கண்டோம்.

தழும்பு என்பது யாது?

மேல்தோலில் மட்டும் ஏற்படும் சிராய்ப்பு தடமின்றி ஆறிவிடுகிறது. அடித்தோல் வரை வெட்டுண்டாலோ வெந்தாலோ உடல் அவ்விடத்தைப் பழைய தோலால் நிரப்புவதில்லை. கொலாஜன் எனும் புரத இழைகளை அவசரமாக அடுக்கி இடைவெளியை அடைத்துவிடுகிறது. இயல்பான தோலில் இவ்விழைகள் கூடை முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருக்கும். தழும்பிலோ பெரும்பாலும் ஒரே திசையில் கிடக்கும். மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் அங்கே மீண்டும் தோன்றுவதில்லை. தொடக்கத்தில் சிவந்து தடித்திருக்கும் தழும்பு ஓராண்டு, சில வேளை அதனினும் கூடுதலான காலம் மெல்ல மெல்ல மாறி, வெளுத்து, தணிந்து வரும். எத்துணை நன்றாக ஆறினாலும் அதன் வலிமை பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மிஞ்சுவதில்லை.

எல்லாத் தழும்பும் ஒரு தன்மையன அல்ல. அம்மைத் தழும்பு குழிந்திருக்கும். தீப்புண் தழும்பு தடித்துச் சுருங்கி, மூட்டுகளையும் கழுத்தையும் இழுத்துப் பிடிக்கும். காயத்தின் எல்லையையும் கடந்து வளரும் தழும்பைக் 'கெலாய்டு' என்பர். காது குத்திய இடத்தில் சிலருக்குக் கட்டிபோல் வளர்வது இதுவே. வெளிர்நிறத் தோலினரைவிட நம்மைப் போன்ற கருநிறத் தோலினருக்கு இது மிகுதியாக வருகிறது. இவ்வேறுபாடுகளை அறியாமல் எல்லாத் தழும்புக்கும் ஒரே மருந்து தேடுவது வீண் முயற்சி.

பக்தாதும் குர்துபாவும்

தழும்பைச் சீராக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. அறுபட்ட மூக்கையும் காதையும் தோல்மடல் கொண்டு ஒட்டும் முறை சுசுருத சம்ஹிதையில் விளக்கப்பட்டுள்ளது. அந்நூல் அப்பாஸியர் காலத்தில், பர்மக் குடும்பத்து அமைச்சர் யஹ்யா இப்னு காலிதின் ஏவலால், மன்கா என்ற இந்திய மருத்துவரின் துணைகொண்டு அரபுக்கு வந்தது. இதனைப் பத்தாம் நூற்றாண்டினரான இப்னு நதீம் தமது 'அல்ஃபிஹ்ரிஸ்த்' எனும் நூற்பட்டியலில் பதிவு செய்கிறார். அரபுகள் அந்நூலை 'சுஸ்ருத்' என வழங்கினர். அபூபக்ர் அர்ராஸீ (865–925) தமது பெருந்தொகுப்பாகிய 'அல்ஹாவி'யில் அதனை மேற்கோள் காட்டுகிறார்.

அர்ராஸீ பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி எழுதிய சிறுநூல் உலகப் புகழ் பெற்றது. அந்நூலை நம் மாணவர்கள் நோய்க்குறிகளுக்காக மட்டுமே நினைவுகூர்கின்றனர். அம்மைத் தழும்பை நீக்குவது எவ்வாறு என்பதற்கும் அவர் அதில் இடம் ஒதுக்கியிருப்பது கவனிக்கத்தக்கது. நிறத்தை மாற்றும் பூச்சுகளைக் கூறுவதோடு நில்லாமல், குழிந்த தழும்பு சுற்றியுள்ள தோலோடு சமமாக வேண்டுமாயின் நோயாளி உடல் தேறிச் சதைப்பற்று உடையவராக வேண்டும் என்றும், அடிக்கடி குளித்து உடலைத் தேய்த்துவர வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். குழிந்த தழும்பின் அடியில் நோயாளியின் சொந்தக் கொழுப்பையே எடுத்துச் செலுத்தி மேடாக்கும் முறை இக்கால மருத்துவத்தில் உண்டு. கருவிகள் வேறு, அடியில் நிரப்பினாலன்றி மேலே சமமாகாது என்ற எண்ணம் ஒன்றே.

ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936–1013) தமது 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதியை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கினார். மூக்கு, உதடு, காது ஆகியவை காயத்தால் பிளவுண்டால் தைப்பது எப்படி என்று அதில் விளக்குகிறார். பிளவின் விளிம்புகள் சேராமலே ஆறிப்போயிருந்தால், அவற்றைச் சுரண்டி மீண்டும் இரத்தம் கசியும் புண்ணாக்கிய பிறகே இணைத்துத் தைக்க வேண்டும் என்பது அவர் வழி. தவறாக ஆறியதை மறுபடி புண்ணாக்கிச் சரியாக ஆறவிடுவது என்ற இக்கோட்பாடே இன்றைய தழும்புச் சீரமைப்பின் அடிப்படை.

இத்தாலியில் பதினைந்தாம் நூற்றாண்டில் மூக்கொட்டும் கலை தோன்றியதற்கும் அரபு நூல்களே காரணம் என்று நம்மவர் சிலர் எழுதுவதுண்டு. அதனை நிறுவும் நேரடிச் சான்று இல்லை. சான்றில்லாத பெருமையை உரிமை கொண்டாட வேண்டிய வறுமை அர்ராஸீக்கும் அஸ்ஸஹ்ராவிக்கும் இல்லை.

மூக்கறுத்த போர்கள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். மதுரை நாயக்கர் அரசுக்குத் திருச்சிராப்பள்ளி ஒரு காலத்தில் தலைநகர். திருமலை நாயக்கர் தலைநகரை மதுரைக்கு மாற்றினார். அவரது ஆட்சியின் இறுதியில், 1656ஐ ஒட்டிய ஆண்டுகளில், மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையாரின் படை நாயக்கர் நாட்டினுள் புகுந்து, அகப்பட்டோரின் மூக்கையும் மேலுதட்டையும் அறுத்துச் சென்றது. சேதுபதியின் துணையோடு நாயக்கர் படையும் மைசூர் நாட்டில் அவ்வாறே பழிதீர்த்தது. அக்காலச் சேசு சபைக் கடிதங்கள் குறித்துவைத்துள்ள இந்நிகழ்வை வரலாற்றாசிரியர் மூக்கறு போர் என்பர். இரு தரப்பு மன்னரும் ஒரே சமயத்தவர் என்பதை இங்கே நினைவில் இருத்த வேண்டும்.

ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின் அதே மைசூரிலிருந்து வேறு படைகள் காவிரிக்கரைக்கு வந்தன. 1781இல் ஹைதர் அலியும், 1790இன் இறுதியில் திப்பு சுல்தானும் திருவரங்கத் தீவு வரை வந்து சென்றனர். 1790 முதல் 1792 வரை நடந்த அந்த மூன்றாம் மைசூர்ப் போரில்தான் மருத்துவ உலகம் மறவாத ஒரு மனிதர் காயமுற்றார். அவர் பெயர் கவாஸ்ஜி. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய மராட்டியர். திப்புவின் படையினரிடம் சிறைப்பட்ட அவருடைய மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டன. ஓராண்டுக்கும் மேலாக மூக்கின்றி வாழ்ந்த அவருக்கு, பூனாவுக்கு அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கு வைத்தார். அதனை ஆங்கிலேய மருத்துவர் இருவர் நேரில் கண்டனர். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கவாஸ்ஜியின் உருவத்தை வரைந்தார். லண்டனின் 'ஜென்டில்மென்ஸ் மேகசின்' 1794 அக்டோபர் இதழில் படத்துடன் செய்தி வெளியாயிற்று.

செய்முறை இது: அறுபட்ட மூக்கின் மேல் மெழுகுத் தகட்டைப் பொருத்தி அளவெடுத்து, அத்தகட்டைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்துகொள்வர். அவ்வளவுக்கு நெற்றித் தோலை உரித்து, இரு கண்களுக்கும் இடையே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காது விட்டு, தோலைத் திருப்பிக் கீழே இறக்குவர். அப்பட்டை வழியே இரத்தம் ஓடுவதால் தோல் உயிரோடிருக்கும். விளிம்புகளைப் பொருத்திக் காசுக்கட்டியைக் குழைத்துத் தடவிய துணிப்பட்டைகளால் ஒட்டுவர், தையல் இல்லை. நான்கு நாள் கழித்து நெய்யில் தோய்த்த துணி இடுவர். ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள், ஒட்டு பிடித்தபின், இணைப்புப் பட்டையை வெட்டிச் சீராக்குவர். நெற்றியில் விழும் தழும்பு காலப்போக்கில் அவ்வளவாகக் கண்ணுக்குப் படுவதில்லை என்றும் அச்செய்தி கூறுகிறது. ஓரிடத்தின் பெருங்குறையைப் போக்க வேறோரிடத்தில் சிறு வடுவை ஏற்பது என்ற பேரம் அன்றே இவ்வாறு கணக்கிடப்பட்டது.

இதனைப் படித்த லண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ, 1814இல் தொடங்கி இருவருக்கு அவ்வறுவையைச் செய்து 1816இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் ஐரோப்பா முழுவதும் அது 'இந்திய முறை' என்றே வழங்கலாயிற்று.

திப்புவை நேசிப்போருக்கு இச்செய்தி கசக்கும். ஆங்கிலேயர் திப்புவின் பெயரைக் கெடுக்க எழுதியவை பல என்பது உண்மையே. இச்செய்தியும் அவர்தம் தரப்பிலிருந்தே வந்தது. எனினும் மூக்கிழந்தவர் மூக்கிழந்தவரே. ஓவியமும் அறுவையும் அதற்குச் சான்று. இதனை மறைப்பது வரலாறாகாது. அதுபோலவே, இதனை ஒரு சமயத்தாரின் கொடுமை என்று காட்டுவதும் வரலாறாகாது. நாயக்கரும் உடையாரும் அறுத்த மூக்குகள் அதற்கு முன்பே எண்ணற்றவை. எதிரியைக் கொல்வதைவிட அவன் முகத்தைச் சிதைத்து ஊருக்குத் திருப்பியனுப்புவது அக்காலப் போர்முறையின் ஒரு கூறாயிருந்தது. மூக்கை இழந்தவன் உயிரை இழக்கவில்லை, மானத்தை இழந்தான். எனவேதான் அவனுக்கு மூக்கைத் திருப்பித் தந்த பெயர் தெரியாத அந்தச் செங்கல் அறுப்பவர் எந்தப் படைத்தலைவரினும் நம் மதிப்புக்குரியவர்.

கத்தி செய்வதும் செய்யாததும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலை அறிவியலின் துணை பெற்றது. வட்டமான ஊசிமுனையால் குத்தினாலும் தோலில் ஏற்படும் துளை நீள்வடிவமாகவே இருப்பதைப் பிரெஞ்சு மருத்துவர் துய்ப்பூத்ரன் கண்டார். வியன்னாவின் கார்ல் லாங்கர் 1861இல் உடலெங்கும் இதனை ஆராய்ந்து, தோலுக்கு இயல்பான இழுவிசைக் கோடுகள் உண்டெனக் காட்டினார். இழுவிசைக்கு இசைந்து விழும் தழும்பு மெல்லிய கோடாக ஆறும்; அதற்குக் குறுக்கே விழுவது அகன்று தடிக்கும். நெற்றிச் சுருக்கத்தோடு ஒட்டிக் கிடக்கும் தழும்பு கண்ணில் படாமலும், கன்னத்தில் குறுக்கே ஓடும் தழும்பு எடுப்பாகத் தெரிவதும் இதனால்தான்.

இவ்விழுவிசையோடு தொடர்புடையதே 'இசட் பிளாஸ்டி' எனப்படும் முறை. இழுத்துப் பிடிக்கும் தழும்பை நடுக்கோடாகக் கொண்டு, அதன் இரு முனைகளிலும் சாய்வாக ஒவ்வொரு வெட்டு இடுவர். ஆங்கில எழுத்தான 'இசட்' வடிவம் உண்டாகும். அதனால் பிறக்கும் இரு முக்கோணத் தோல்மடல்களையும் இடம் மாற்றித் தைப்பர். இதனால் இரு பயன்கள் விளைகின்றன. தழும்பின் திசை மாறுகிறது. சுருங்கிய கோடு நீள்கிறது. 60 பாகைக் கோணத்தில் வெட்டினால், கணக்குப்படி ஏறத்தாழ 75 விழுக்காடு நீளம் கூடும். 45 பாகைக்கு 50 விழுக்காடு. மார்போடு ஒட்டிய கழுத்தை நிமிர்த்துவதும், மடங்கிய விரலை நீட்டுவதும் இவ்வகையிலேயே. நீண்ட நேர்க்கோட்டுத் தழும்பைச் சிறு சிறு கோணங்களாக முறித்துத் தைக்கும் 'டபிள்யூ பிளாஸ்டி' முறையும் உண்டு. நேர்க்கோட்டைக் கண் எளிதில் பின்தொடரும். முறிந்த கோட்டைப் பின்தொடராது. பரந்த தீப்புண் தழும்பாயின் அதனை அகற்றி உடலின் வேறிடத்துத் தோலை ஒட்டுவர். தடித்த தழும்புக்கு ஸ்டீராய்டு ஊசியும், சிலிகோன் பட்டையும், இறுக்கமான அழுத்த ஆடையும், லேசர் ஒளியும் துணை செய்கின்றன.

எனினும் இவற்றில் எதுவும் தழும்பை அழிப்பதில்லை. தழும்பை வெட்டி எடுத்தால் அவ்விடத்தில் புதிய தழும்பே வரும். அகலமானது குறுகலாம், தடித்தது தணியலாம், இழுப்பது தளரலாம், வெளியே தெரிவது மடிப்பில் மறையலாம், அவ்வளவே. கெலாய்டை வெறுமனே வெட்டியெடுத்தால் பாதிப்பேருக்கு மேல் மீண்டும், சில வேளை முன்னினும் பெரிதாக வளர்கிறது. ஆதலால் அதற்கு வெட்டோடு ஊசியோ கதிர்வீச்சோ சேர்த்தே சிகிச்சை செய்வர். தழும்பு முதிரும்வரை, பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, காத்திருந்தே கத்தி வைப்பர். கண்ணிமை மூட இயலாத நிலை போன்ற அவசரங்களில் மட்டும் காத்திருப்பதில்லை. தழும்பே இல்லாமல் ஆக்குவோம் என்ற விளம்பரங்களை நம்பிப் பொருளிழப்போர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

தமிழகத்தில் இக்கலைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு, 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளையும் சிதைந்த மூக்குகளையும் சீரமைக்கத் தொடங்கினார். நோய் குணமான பின்னும் முகத்தின் அடையாளத்தால் வேலையும் உறவும் கிட்டாதோர்க்கு அவ்வறுவைகள் மறுவாழ்வாயின. தோற்றம் என்பது வெறும் அழகுப் பொருளன்று, பிழைப்போடும் மானத்தோடும் பிணைந்தது என்பதை வேலூர் உலகுக்குக் காட்டியது.

அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கு

இப்போது அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். படைப்பை மாற்றுவது கூடாது என்பதும், அழகுக்காகப் பல்லை அராவுவோர் கண்டிக்கப்பட்டிருப்பதும் நாம் அறிந்தவையே. ஆனால் அந்நபிமொழியில் 'அழகுக்காக' என்ற காரணம் சேர்த்தே கூறப்பட்டுள்ளது. சிகிச்சைக்காகவோ பல்லின் குறையைப் போக்கவோ செய்வது அதில் அடங்காது என இமாம் நவவீ (ரஹ்) ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் விளக்குகிறார்.

இதற்கு மேலும் ஒரு தெளிவான சான்று உண்டு. அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கிழந்த அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து அணிந்தார்கள். அது துர்நாற்றம் எடுத்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொன்னால் மூக்குச் செய்துகொள்ளுமாறு ஏவினார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய தொகுப்புகளில் இது இடம்பெற்றுள்ளது. ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டது. அந்த விலக்கையே தளர்த்தி ஒரு தோழரின் முகக்குறையைப் போக்க வழிவிடப்பட்டது என்றால், சிதைந்த முகத்தோடு மக்கள் முன் நிற்கும் மனிதரின் வேதனையை மார்க்கம் எத்துணை கனிவோடு நோக்குகிறது என்பது விளங்கும். 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, தீப்புண், விபத்து, நோய் ஆகியவற்றால் நேர்ந்த சிதைவுகளைச் சீரமைக்கும் அறுவையை அனுமதித்தும், தேவையின்றி வெறும் அழகுக்காகத் தோற்றத்தை மாற்றுவதை விலக்கியும் தீர்மானித்தது இவ்வடிப்படையிலேயே.

ஆகவே அம்மாணவரிடம் நாம் கூறியது இதுதான்: "தீ மாற்றியதை மருத்துவர் திரும்பச் சீராக்குகிறார், அது படைப்பை மாற்றுவதன்று. உம் தங்கை தலைநிமிர்ந்து உண்ணவும், சுஜூதிலிருந்து எழுந்து நேரே நோக்கவும் வழியிருக்கையில் அதனைத் தடுப்பவர்தாம் மறுமையில் விடை சொல்ல வேண்டும்."

அப்பெண்ணுக்கு இரு முறை அறுவை நடந்தது. கழுத்து நிமிர்ந்தது. தழும்பு இன்றும் இருக்கிறது. தொடையிலிருந்து தோல் எடுத்த இடத்திலும் ஒரு தடம் இருப்பதாகச் சொன்னார்கள். ஆயினும் அவள் இப்போது தையல் தொழில் செய்கிறாள். வாடிக்கையாளரின் முகம் பார்த்துப் பேசுகிறாள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தீப்புண் பட்டவுடன் மையும் பற்பசையும் மஞ்சளும் பூசாமல், ஓடும் குளிர்நீரை இருபது நிமிடம் ஊற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நாளைய தழும்பில் பாதி அந்த இருபது நிமிடத்தைப் பொறுத்தது. புண் ஆறிய பின்னும் பயிற்சியையும் அழுத்த ஆடையையும் விடாதீர்கள். திருவரங்கத்திலும் கும்பகோணத்திலும் மீண்டோரைப் போன்றவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறுவைக்கான பொருளுதவி செய்வது ஜமாஅத்துகளின் கடமை. பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் தழும்பைக் காரணம் காட்டி எழுந்து வராதிருப்பது நம் ஒவ்வொருவரின் கடமை. முன்னதை மருத்துவர் செய்து முடிப்பார். பின்னதைச் செய்யக்கூடிய மருத்துவர் எவரும் இலர். அதனை நாமே செய்தாக வேண்டும்.